முதலில் பளிங்கு, அப்புறம்தான் கருவி

உயர்தரத்தில் இரசாயனம் நன்றாக வரும் பிள்ளைகள் தலவாக்கலையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் என்னிடம் பேசும்போது, பேச்சு அநேகமாக ஒரே கேள்வியில் வந்து நிற்கும். "மிஸ், இங்க மெஷினே இல்லையே, அப்புறம் எப்படி ரிசேர்ச் பண்றது?" பளிங்குக்குள் எக்ஸ்கதிரைச் செலுத்தி அதன் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டறியும் துறைதான் பளிங்கியல். அதன் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் எக்ஸ்கதிர்க் கருவிதான் ஞாபகத்துக்கு வருகிறது. சேதனவுலோக இரசாயனத்திலும் பளிங்கியலிலும் என் வேலைக்காலம் முழுவதையும் செலவழித்தவள் நான். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதலாம் என்று தோன்றியது. கருவி கடைசியில் வருவது. நல்ல பளிங்கை வளர்ப்பது அதற்கு முந்திய வேலை, வந்த தரவை நாமே வாசித்துப் புரிந்துகொள்வது பிந்திய வேலை. ஆராய்ச்சியின் உயிர் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது. இரண்டையும் ஹட்டனில் இருந்துகொண்டே பழகத் தொடங்கலாம்.

துறையைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காபன் அணு நேரடியாக உலோக அணுவோடு பிணைந்திருந்தால் அது சேதனவுலோகச் சேர்வை. தேயிலைக் கொழுந்தின் பச்சையத்தில் மக்னீசியம் இருக்கிறது, ஆனால் அது நைதரசன் அணுக்களோடு பிணைந்திருக்கிறது. ஆகவே பச்சையம் இந்தக் கணக்கில் வராது. விற்றமின் பி12 வரும். உடலுக்குள் வேலை செய்யும் அதன் வடிவத்தில் கோபாற்றும் காபனும் நேருக்கு நேர் பிணைந்திருக்கின்றன. பி12இன் கட்டமைப்பை எக்ஸ்கதிர் கொண்டு கண்டறிந்தவர் டொரதி ஹொட்ஜ்கின். 1964இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நான் இந்தப் பக்கம் திரும்பியதற்கு அவருடைய வேலையை வாசித்தது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வீட்டிலேயே இருந்தது. அப்பா டீ பெக்டரியில் வேலை பார்த்தார். அரைத்த கொழுந்தை விரித்து வைத்த இடத்தில் நின்று, ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய், வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார். பச்சை மறைந்து செம்பு நிறம் ஏறியிருக்கும். "இப்ப சூடு காட்டணும், விட்டா கெட்டுப்போகும்" என்பார். கடிகாரத்தை விடத் தன் மூக்கையும் கண்ணையும்தான் அவர் நம்பினார். அந்த நிறமாற்றத்தை நடத்துவது செம்பு அணுக்களைக் கொண்ட ஒரு நொதியம் என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட பரவசம் இன்றைக்கும் குறையவில்லை. அப்பா ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது ஓர் உலோகம் செய்த வேலையை! அப்புறம் சூட்டில் பச்சையத்திலிருந்து மக்னீசியம் கழன்றுபோவதும் தேயிலை கறுப்பதற்கு ஒரு காரணம். இதையும் அங்கேதான் அறிந்தேன்.

பேராதனையில் முதல் வருடம் எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரையில் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று தோட்டத்துப் பாடசாலைகளிலிருந்து போன எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கைகொடுத்த வழி இது: ஆய்வுக் கட்டுரையை எடுத்தால் முன்னுரையை விட்டுவிட்டு, செய்முறைப் பகுதியை முதலில் வாசிப்பேன். எத்தனை கிராம், எந்தக் கரைப்பான், எத்தனை மணிநேரம், என்ன நிறம் என்று அங்கே வசனங்கள் குட்டையாக, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும். ஒரு தவணைக்குள் அந்த நடை பழகிவிடும். பிறகு முன்னுரைக்குப் போனால் அவ்வளவு பயமாக இருக்காது.

என்னை இந்தத் துறையில் நிறுத்திவைத்தது ஃபெரோசீன். ஐந்தைந்து காபன் கொண்ட இரண்டு வளையங்கள், நடுவே ஓர் இரும்பு அணு. 1951இல் கீலி, போசன் என்ற இரண்டு இரசாயனவியலாளர்கள் வேறொரு சேர்வையைத் தயாரிக்கப் போய், எதிர்பாராமல் இந்தச் செம்மஞ்சள் தூளைப் பெற்றார்கள். இரும்பு இரண்டு வளையங்களிலும் ஒவ்வொரு காபனோடு மட்டும் பிணைந்திருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். ஆனால் அப்படி இருந்தால் அது இவ்வளவு உறுதியாக இருக்கக்கூடாது. உருகும்வரை, அதாவது 170 பாகை செல்சியஸைத் தாண்டியும், அது சிதையாமல் நின்றது. அடுத்த வருடமே வில்கின்சனும் வுட்வர்டும் ஒரு பக்கம், பளிங்கை எக்ஸ்கதிரில் வைத்துப் பார்த்த ஃபிஷர் மறுபக்கம், இரும்பு இரண்டு வளையங்களுக்கும் நடுவில் பத்துக் காபன்களையும் சமமாகப் பிடித்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். 1973இல் ஃபிஷருக்கும் வில்கின்சனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சேர்வை நம் மாதிரி இடங்களுக்கு ஒரு வரப்பிரசாதம். சேதனவுலோகம் என்றாலே காற்றுப் பட்டால் எரியும், ஈரம் பட்டால் கெடும் என்று பயமுறுத்துவார்கள். பலவற்றுக்கு அது உண்மையும்கூட. ஃபெரோசீனைக் காற்றில் திறந்து வைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஃபெரோசீனிலிருந்து அசெற்றைல் ஃபெரோசீன் தயாரித்து, கண்ணாடிக் குழாயில் நிரப்பிய சிலிக்காவின் மேல் ஊற்றி, ஹெக்சேனை விட்டால் முதலில் ஒரு மஞ்சள் பட்டை விறுவிறுவென்று இறங்கும். அது மிச்சமிருக்கும் ஃபெரோசீன். கொஞ்சம் முனைவுள்ள கரைப்பானைச் சேர்த்ததும், மேலே அசையாமல் இருந்த செம்மஞ்சள் பட்டை கீழே வரத் தொடங்கும். தான் தயாரித்த சேர்வை தன் நிறத்தைக் காட்டிக்கொண்டு தனியே பிரிந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை இரசாயனத்தை விட்டுப் போவது அபூர்வம். நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் முதல் வேலை இன்றைக்கும் இதுதான்.

அடுத்த தலைப்பைத் தெரிவு செய்யும்போதும் இதே யோசனை வேண்டும். நான் முனைவர் பட்டத்துக்குப் போன ஆய்வுகூடத்தில் சுவரில் இருந்த குழாயைத் திறந்தால் உலர்ந்த நைதரசன் வரும். திரும்பி வந்த இடத்தில் சிலிண்டர் தீர்ந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அங்கே செய்ததையே இங்கேயும் செய்வேன் என்று அடம்பிடிக்காமல், காற்றில் நிற்கும் சேர்வைகளாகப் பார்த்துத் தெரிந்தெடுத்தேன். ஃபெரோசீன் வழித்தோன்றல்கள், பலேடியம் சேர்வைகளில் சில. தரம் குறைந்த ஆராய்ச்சி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஃபெரோசீனை உள்ளே வைத்து மலேரியாவுக்கு மருந்து தேடிய வேலைகள்கூட உலகத்தில் நடந்திருக்கின்றன.

சரி, பளிங்குக்கு வருவோம்.

எக்ஸ்கதிருக்குத் தேவையான பளிங்கு, ஒரு பக்கம் 0.1 முதல் 0.3 மில்லிமீற்றர் வரை இருந்தால் போதும். உப்புக் குறுணி அளவுதான். ஆனால் அது ஒற்றைப் பளிங்காக இருக்க வேண்டும், உள்ளே விரிசலோ ஒட்டோ இருக்கக்கூடாது. வேகமாக வளர்ந்தால் தூளாகிவிடும், அழுக்கு இருந்தால் ஆயிரம் இடத்தில் ஒரே நேரத்தில் தொடங்கி ஒன்றும் பெரிதாகாது. ஆகவே கரைசலை நுண்துளை வடியில் வடித்துத் தூசி இல்லாமல் செய்வது முதல் படி. அவசரத்தில் பலர் தாண்டிப் போவதும் இந்தப் படியைத்தான்.

நான் அதிகம் நம்பும் முறை, சேர்வை கரையும் ஒரு கரைப்பானின் மேல், அது சரியாகக் கரையாத இன்னொன்றைப் படையாக நிறுத்துவது. இரண்டும் மெதுவாகக் கலக்கக் கலக்கப் பளிங்கு வளரும். சேர்வையை இருகுளோரோமெதேனில் கரைத்து, ஒடுங்கிய கண்ணாடிக் குழாயின் அடியில் விடுங்கள். இருகுளோரோமெதேனின் அடர்த்தி 1.33, ஹெக்சேனுடையது 0.66. ஊசிமுனையைக் குழாயின் சுவரில் சாய்த்து வைத்து ஹெக்சேனைச் சொட்டுச் சொட்டாக விட்டால், அது கலக்காமல் மேலே தனிப்படையாக நிற்கும். கீழே சிவப்பு, மேலே நிறமில்லாத படை, நடுவில் ஒரு கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். கோடு தெரியாவிட்டால் கை வேகமாகப் போய்விட்டது என்று அர்த்தம், கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். மேல்படை கீழ்ப்படையைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கட்டும். மூடியைப் போட்டு, ஆள் நடமாட்டமோ பம்பியின் அதிர்வோ இல்லாத மூலையில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். தினமும் தூக்கிப் பார்க்கும் பிள்ளைகளுக்குத் தூள்தான் கிடைக்கும். பளிங்கு முதலில் அந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சுவரில் சின்னதாகப் பளபளக்கும்.

மலைநாட்டுக் குளிர் இதில் நமக்குச் சாதகம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆவி பரவல் முறையில், கரைசல் உள்ள சிறு குப்பியைத் திறந்தபடி ஒரு பெரிய குப்பிக்குள் வைத்து, பெரியதில் டைஎதில் ஈதரை விட்டு மூடுவோம். ஈதரின் கொதிநிலை சுமார் 35 பாகை. கொழும்பில் பகல் வெப்பநிலையே 30ஐத் தாண்டும்போது ஈதர் பொறுமையாக நடந்துகொள்ளாது, குபுகுபுவென்று ஆவியாகி எல்லாவற்றையும் அவசரப்படுத்தும். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அறை வெப்பநிலையிலேயே அது மெதுவாகப் பரவுகிறது. அதேநேரம், கடல்மட்டத்திலிருந்து மேலே போகப் போக வளியமுக்கம் குறைகிறது. ஹட்டனில் நீர் சுமார் 96 பாகையில் கொதிக்கும், நுவரெலியாவில் சுமார் 94. புத்தகத்தில் உள்ள கொதிநிலைகள் கடல்மட்டத்துக்கு உரியவை. வடித்தெடுக்கும்போது சில பாகை குறைவாக வருகிறதே, கரைப்பான் சுத்தமில்லையோ என்று குழம்ப வேண்டாம். உருகுநிலைக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசம்தான் இங்கே எதிரி. இரவில் வளர்ந்த பளிங்கு மத்தியான வெயிலில் பாதி கரைந்து, அடுத்த இரவில் ஒழுங்கில்லாமல் மறுபடி வளரும். இதற்கு நான் பாவித்தது சாதாரண வெந்நீர் பிளாஸ்க். நீர்க் கரைசலையோ எதனோல் கரைசலையோ அளவான சூட்டில் நிரம்பலாக்கி, குப்பியை நன்றாக மூடி, ஏறத்தாழ அதே சூட்டுள்ள வெந்நீர் நிரப்பிய பிளாஸ்க்குக்குள் இறக்கி வைத்தால், அது அறைச் சூட்டுக்கு வர ஒரு நாள் போல ஆகும். விலையுயர்ந்த வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் வேலையில் பெரும்பகுதியை அது செய்துவிடுகிறது. ஆய்வுகூடத்து பிளாஸ்க்கில் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள், அது மறுபடி தேநீருக்குப் போகக்கூடாது.

ஈரப்பதன் அடுத்த தொல்லை. கண்டியில் மழைக்காலத்தில் ஈதர் ஆவியாகும் குப்பியின் விளிம்பில் நீர்த்துளி கோப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீரோடு ஒத்துப்போகாத சேர்வை என்றால் அதோடு கதை முடிந்தது. கரைப்பானை, ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூற்றுச் சல்லடை மணிகளின் மேல் வைத்து உலர்த்துங்கள். ஆனால் அந்த மணிகளை முதலில் சுமார் 300 பாகையில் பல மணிநேரம் சூடாக்கியிருக்க வேண்டும். கடையிலிருந்து வந்தபடியே போட்டால் அவை ஏற்கனவே ஈரத்தைக் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கும்.

ஒவ்வொரு தடவையும் ஒரு விடயத்தை மட்டும் மாற்றி, கொப்பியில் எழுதி வையுங்கள். கரைப்பான், செறிவு, வெப்பநிலை, வைத்த இடம், வந்தது தூளா ஊசியா தட்டா, நிறம் என்ன. எழுதாமல் நல்ல பளிங்கு கிடைத்தால் அதை இன்னொரு முறை எடுக்க முடியாது, அதை வைத்து எதையும் நிறுவவும் முடியாது.

வளர்ந்ததை அனுப்பும் முன் முனைவாக்கிய ஒளி நுணுக்குக்காட்டியில் பாருங்கள். மேடையைச் சுழற்றும்போது ஒற்றைப் பளிங்கு ஒவ்வொரு 90 பாகைக்கும் முழுவதுமாக ஒரே நேரத்தில் இருண்டுவிடும். ஒரு மூலை மட்டும் வெளிச்சமாக நின்றால் அங்கே வேறொரு பளிங்கு ஒட்டியிருக்கிறது. கனசதுர வகைப் பளிங்குகள் எப்போதும் இருட்டாகவே இருக்கும், அவற்றைக் கெட்டது என்று எறிந்துவிட வேண்டாம். முனைவாக்கும் தகடு இரண்டு கிடைத்தால் பாடசாலை நுணுக்குக்காட்டியிலேயே இதைச் செய்து காட்டலாம்.

இனித்தான் கருவி. எங்களிடம் இல்லாத காலத்தில் வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்கு எழுதிக் கேட்டோம். மறுத்தவர்களை விட உதவியவர்களே அதிகம், ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "எங்களுக்கு இதைச் செய்து தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. எதிர்பார்க்கும் சூத்திரம், தயாரிப்பில் பட்ட எல்லாக் கரைப்பான்களும், பளிங்கின் நிறமும் அளவும், நுணுக்குக்காட்டியில் எடுத்த படம், காற்றில் எவ்வளவு நேரம் தாங்கும், இந்தக் கட்டமைப்பு தெரிந்தால் எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பளிங்கை உலர்த்தி அனுப்பாதீர்கள். பலவற்றுக்குள் கரைப்பான் மூலக்கூறுகள் இருக்கும், அவை வெளியேறினால் பளிங்கு வெடித்துப் பொடியாகிவிடும். தீப்பற்றும் கரைப்பானைக் கூரியர்காரர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதால், முடிந்தால் கரைப்பான் இல்லாமல் வளரும் பளிங்கைத் தேடுங்கள், அல்லது எண்ணெயில் அமிழ்த்தி அனுப்பச் சம்மதமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

விடை வரும்போது அழகான படத்தோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது என்பதை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். மூலத் தரவையும், தீர்த்த கட்டமைப்பின் விவரம் எழுதப்பட்ட சிஃப் (CIF) கோப்பையும் கேட்டு வாங்குங்கள். தரவிலிருந்து கட்டமைப்பைத் தீர்க்க, ஜோர்ஜ் ஷெல்ட்ரிக் எழுதிய ஷெல்எக்ஸ் நிரல்களை உலகமே பாவிக்கிறது, கல்வி வேலைக்கு அவை இலவசம். அதே வேலைக்கான ஓலெக்ஸ் 2உம் இலவசம். சாதாரண மடிக்கணினியில் ஓடும். கணக்கைத் திறந்து நீங்களே ஒருமுறை தொடக்கத்திலிருந்து தீர்த்துப் பாருங்கள். தீர்த்த கட்டமைப்பு அளந்த தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் ஆர் பெறுமானம் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். அதை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். படத்தில் ஒவ்வோர் அணுவையும் சுற்றி அதன் அசைவின் அளவைக் காட்டும் நீள்வளையத்தைக் கவனியுங்கள். ஓர் அணுவின் நீள்வளையம் அக்கம்பக்கத்து அணுக்களை விட அளவுக்கு மீறிப் பெருத்திருந்தால் உண்மையில் அங்கே இருப்பது அதைவிட இலேசான அணுவாக இருக்கலாம், மிகச் சிறுத்திருந்தால் பாரமான அணுவாக இருக்கலாம். ஐதரசன் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். எக்ஸ்கதிர் இலத்திரன்களைத்தான் பார்க்கிறது, பாரமான உலோகத்தின் அருகே ஐதரசனின் ஒற்றை இலத்திரன் மறைந்துபோகும். 1984இல் கூபாஸ் என்ற இரசாயனவியலாளர் தங்குதன் சேர்வை ஒன்றில் ஐதரசன் மூலக்கூறு உடையாமல் முழுதாகப் பிணைந்திருப்பதை அறிவித்தபோது, எக்ஸ்கதிருக்குப் பதிலாக நியூத்திரனைச் செலுத்தி அணுக்கருக்களைப் பார்க்கும் நியூத்திரன் கோணல் ஆய்வுதான் அதற்கு உறுதியான சான்றானது.

பளிங்குத் தரவை ஏன் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஜோசப் சாற் (Chatt) என்ற இரசாயனவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு மொலிப்தனம் சேர்வைக் குடும்பத்தில் நீலம், பச்சை என இரண்டு வகைகளைக் கண்டார்கள். மொலிப்தனத்துக்கும் ஒட்சிசனுக்கும் இடையிலான தூரம் மட்டும் இரண்டிலும் வேறுபட்டது. பிணைப்பின் நீளம் மட்டுமே வேறுபடும் சமபகுதியங்கள் என்று அதற்குப் பெயரும் வந்தது, கோட்பாட்டாளர்கள் விளக்கங்களும் எழுதினார்கள். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து பார்கின் என்ற இன்னோர் இரசாயனவியலாளரின் குழு பச்சையை மீண்டும் ஆராய்ந்தது. நீலச் சேர்வையின் பளிங்குக்குள், ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில் குளோரீன் உள்ள ஒரு மஞ்சள் சேர்வை கொஞ்சம் கலந்து வளர்ந்திருந்தது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை! ஒட்சிசனும் குளோரீனும் ஒரே இடத்தில் பங்குபோட்டதால் கணக்கில் பிணைப்பு நீண்டதாகத் தெரிந்திருக்கிறது. பளிங்கு பொய் சொல்லவில்லை, அதற்குள் இரண்டு சேர்வைகள் இருக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே ஒரு கட்டமைப்பு வந்தால், அதே மாதிரியின் தூய்மையை வேறு வழிகளிலும் பாருங்கள். மூலகப் பகுப்பு, நிறமாலை, உருகுநிலை மூன்றும் எக்ஸ்கதிர் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும். நிறம் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை.

2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பல மணிநேரம் நீண்டபோது ஆராய்ச்சி எல்லாம் நின்றுவிட்டது போலத்தான் இருந்தது. சுழல் ஆவியாக்கி ஓடவில்லை, வெற்றிடப் பம்பி ஓடவில்லை. ஆனால் படை நிறுத்தும் முறைக்கு மின்சாரம் தேவையில்லை. மாணவர்கள் அந்த மாதங்களில் பளிங்கு வளர்த்தார்கள், மின்சாரம் இருந்த நேரத்தில் பழைய தரவுகளைத் திரும்பத் தீர்த்தார்கள். தரவு பொதுவாக 100 கெல்வினில், குளிர்ந்த நைதரசன் பாய்ச்சலில் எடுக்கப்படுகிறது. அது இல்லாவிட்டால் அறை வெப்பநிலையில் எடுத்த தரவும் தரவுதான். நீள்வளையங்கள் பெரிதாக இருக்கும், வெப்பநிலையை ஒளிக்காமல் எழுதினால் போதும்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈதரையும் இருகுளோரோமெதேனையும் வீட்டில் தொட வேண்டாம். செப்பு சல்பேற்றில் தொடங்குங்கள். 1912இல் லாவே என்ற பௌதிகவியலாளரின் யோசனைப்படி ஃபிரீட்ரிக்கும் க்னிப்பிங்கும் எக்ஸ்கதிர் ஒரு பளிங்கில் கோணலடைவதை முதன்முதலில் கண்டபோது அவர்கள் வைத்தது நம் பாடசாலை ஆய்வுகூட அலுமாரியில் இருக்கும் அதே நீலச் செப்பு சல்பேற்றுப் பளிங்கைத்தான். வெந்நீரில் நிரம்பலாகக் கரைத்து, வடித்து, ஆறவிட்டு, கிடைத்த சின்னப் பளிங்குகளில் விளிம்பு நேராக உள்ள ஒன்றைத் தெரிவு செய்து, நைலோன் நூலில் கட்டி, நிரம்பிய கரைசலில் தொங்கவிடுங்கள். தூசி விழாமல் வடிதாளால் மூடுங்கள். நச்சுப் பொருள் என்பதால் கையுறை போடுங்கள், சமையல் பாத்திரம் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மூடுபனிக் காலத்தில் நீர் மெதுவாக ஆவியாகும், வளர்ச்சி பிந்தும், ஆனால் முகங்கள் அழகாக வரும்.

உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்பவர்களுக்கு மாதங்கள் கையில் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் பளிங்குத் தரவு மையத்தின் மெர்குரி மென்பொருளின் இலவசப் பதிப்பைத் தரவிறக்குங்கள். 2019இல் பத்து இலட்சம் கட்டமைப்புகளைத் தாண்டிய அந்த மையத்தின் சேமிப்பில் தனிக் கட்டமைப்புகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஃபெரோசீனைத் தேடி எடுத்து, இரும்புக்கும் ஒவ்வொரு காபனுக்கும் இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். 2.0 ஆங்ஸ்ட்ரமுக்கு (ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது மில்லிமீற்றரில் கோடியில் ஒரு பங்கு) சற்று மேலே வரும், பத்தும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். பத்திலும் சின்ன வித்தியாசம் தெரிந்தால் அது ஏன் என்று யோசித்து எழுதி வையுங்கள், பேராதனைக்கோ வேறெங்குமோ போகும்போது அந்தக் கொப்பியையும் எடுத்துப் போங்கள்.